நெய்யூர்ப் பதிவேடுகள் சொன்னதும் சொல்லாததும்: தென்திருவிதாங்கூரில் வாய்ப்புற்று, வயிற்றுப்புண் குறித்த மருத்துவச் சான்றும் கொள்கையும்

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர்கள் 1908 முதல் 1945 வரை இரு நோய்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினர். ஒன்று வெற்றிலை மெல்லுவோரிடம் காணப்பட்ட வாய்ப்புற்று, மற்றொன்று முன்சிறுகுடற்புண். முதலாவதன் சான்று காலப்போக்கில் வலுப்பெற்றும் நெடுங்காலம் கொள்கையாகவில்லை. இரண்டாவதன் சான்று காரணத்தை முழுமையாக எட்டாத நிலையிலேயே பல்லாயிரம் அறுவைச் சிகிச்சைகளுக்கு அடிப்படையாயிற்று. இவ்விரண்டையும் பொதுமருத்துவரின் நிலையிலிருந்து ஒப்புநோக்கி, சான்றுக்கும் கொள்கைக்கும் இடையிலான உறவு எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்யூர், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கூர், வாய்ப்புற்று, குடற்புண், பொதுமருத்துவம், சான்றுசார் மருத்துவம்

முன்னுரை

குழித்துறை ஆறு அரபிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியது தேங்காய்ப்பட்டணம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இவ்வூர் திருவிதாங்கூர் நிலப்பகுதியின் தென்கோடிக் கடற்கரை ஊர்களுள் ஒன்றாக இருந்தது. மரச்சீனிக் கிழங்கும் மீனும் இப்பகுதி ஏழைகளின் அன்றாட உணவு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்த 'முறுக்கான்' உணவுக்கு அடுத்த தேவை. இவ்வூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், அதாவது ஒரு பகல் நடையில், நெய்யூர் மருத்துவமனை இருந்தது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் இரு நோய்களும் இவ்விரு பழக்கங்களோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவை. மெல்லுவதால் வாயில் புற்று, உண்பதால் வயிற்றில் புண் என்று நெய்யூர் மருத்துவர்கள் கருதினர். ஒன்றில் அவர்கள் கருத்து நிலைபெற்றது. மற்றொன்றில் பாதியளவே நின்றது. ஆனால் அரசும் மருத்துவ உலகமும் நடந்துகொண்ட முறை இதற்கு நேர்மாறாக அமைந்தது. நிலைபெற்ற சான்று கிடப்பில் கிடக்க, பாதிச் சான்று கத்தியைக் கையில் எடுத்தது.

மருத்துவ வரலாறு எழுதுவோர் நெய்யூரைப் பெரும்பாலும் சமயப்பணியின் வரலாறாகவோ, எவரெஸ்ட் ஏறிய அறுவை மருத்துவர் ஒருவரின் வாழ்க்கைக் கதையாகவோ எழுதியுள்ளனர். இரண்டும் பிழையல்ல. எனினும் அம்மருத்துவமனையின் பதிவேடுகள் ஆய்வுத் தரவாக மாறிய விதமும், அத்தரவு யாரைச் சென்றடைந்தது என்ற வினாவும் அவற்றில் போதிய இடம் பெறவில்லை.

பதிவேடு எழுதும் மருத்துவமனை

இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவரால் நெய்யூரில் தொடங்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த சார்லஸ் லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கும் வகுப்பைத் தொடங்கினார். இந்த வகுப்பே நெய்யூரின் பிற்காலப் பரவலுக்கு வித்து. அங்குப் பயின்ற உதவியாளர்கள் கிளை மருந்தகங்களில் அமர்த்தப்பட்டனர். இன்றைய சொல்லில் கூறினால், அவர்களே அப்பகுதியின் முதல் பொதுமருத்துவர்கள். பட்டம் பெறாதவர்கள், ஆனால் நோயாளியின் மொழியும் ஊரும் குடும்பமும் அறிந்தவர்கள்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். நெய்யூரிலிருந்து வெளிவந்த கட்டுரைகள் அனைத்தும் ஆங்கிலேயர் பெயரில் ஆங்கிலத்தில் அச்சேறியவை. 'எத்தனை ஆண்டுகளாகப் பொயிலை போடுகிறீர்?' என்ற கேள்வியோ தமிழிலும் மலையாளத்திலும்தான் கேட்கப்பட்டிருக்க முடியும். கேட்டவர் யார், விடையை எவ்வாறு மொழிபெயர்த்தார், எதை எழுதினார், எதை விட்டார் என்பவை அச்சேறிய கட்டுரைகளில் தெரிவதில்லை. தரவின் முதல் எழுத்தர்கள் பெயரில்லாமல் நிற்கின்றனர். சான்றுசார் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரிதும் கவனிக்காத அடுக்கு இது.

வாய்ப்புற்று: 1908 முதல் 1933 வரை

1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் நெய்யூரிலிருந்து இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஏ. ஃபெல்ஸ் எழுதியது தென்னிந்தியாவில் வாய்ப்புற்று பற்றியது. 209 அறுவைச் சிகிச்சைகளைப் பகுத்தாய்ந்தது. டபிள்யூ. சி. பென்டால் எழுதியது திருவிதாங்கூரில் புற்றுநோய் பற்றியது; 1,700 நேர்வுகளின் தொகுப்பு. இங்கிலாந்தின் மருத்துவர்கள் தம் வாழ்நாளில் அரிதாகக் காணும் கன்னப்புற்று, திருவிதாங்கூரின் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கில் குவிந்திருப்பதை இத்தொகுப்புகள் காட்டின. வெற்றிலை மெல்லும் பழக்கத்தோடு நோயை இணைத்துப் பேசிய தொடக்கக்கால ஆவணங்களுள் இவை அடங்கும்.

இன்றைய அளவுகோலில் இவற்றின் குறை எளிதில் புலப்படும். மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணினால் மக்கட்தொகையில் நோய் எவ்வளவு என்று கூற முடியாது. வகுக்கும் எண் இல்லை. புற்றை அறுத்து நீக்கும் இடம் என்று பெயர் பெற்ற மருத்துவமனைக்குத் தொலைவிலிருந்தும் புற்றுநோயாளிகளே மிகுதியாக வருவர். மேலும், ஊரில் ஏறக்குறைய எல்லோரும் மெல்லும் நிலையில் நோயாளிகளும் மெல்லுவோராக இருப்பது வியப்பன்று. மெல்லாதோருடன் ஒப்பிடாமல் காரணம் கூறுவது ஊகமே.

1933இல் லான்செட் இதழில் ஐ. எம். ஓர் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில் ஒரு படி முன்னேறியது. திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரிடம் காணும் வாய்ப்புற்றின் காரணம், நோய்க்குறியியல், சிகிச்சை ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே எடுத்துக்கொண்டார். மெல்லுவதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு நில்லாமல், மெல்லும் பொருளையும் முறையையும் பகுத்து நோக்கும் போக்கு இவ்வகை ஆய்வில் தொடங்கியது. நுரையீரல் புற்றும் புகைத்தலும் பற்றி ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1950இல். அதற்குப் 17 ஆண்டுகள் முன்பே, புகையிலைக்கும் புற்றுக்கும் உள்ள உறவு பற்றிய பேச்சு கல்குளம் வட்டத்தில் இந்நிலையை எட்டியிருந்தது.

அதன்பின் சான்று படிப்படியாக வலுப்பெற்றது. 1955இல் பம்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த சங்வி, ராவ், கானோல்கர் ஆகியோர் புகைத்தலையும் மெல்லுதலையும் தனித்தனியே பிரித்து மேல் உணவுப்பாதைப் புற்றோடு ஒப்பிட்டனர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வாய்ப்புற்றின் காரணிகளை ஆராய்ந்து எழுதினர். 1966இல் ஹிராயாமா, நடு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் திரட்டிய தரவைக் கொண்டு, ஒரு நாளில் மெல்லும் எண்ணிக்கை கூடக்கூட இடர் கூடுவதையும், வெற்றிலையை வாயில் அடக்கியபடியே உறங்குவோரிடம் இடர் மிகப் பெரிதாக இருப்பதையும் காட்டினார். அளவு மிகுந்தால் விளைவும் மிகும் என்ற ஒழுங்கு காரணத் தொடர்பின் வலுவான அடையாளங்களுள் ஒன்று.

அரசின் கணக்குப் புத்தகம்

இத்தனைக்கும் இடையில் திருவிதாங்கூர் அரசு என்ன செய்தது என்ற வினா எழுகிறது. பொதுச் சுகாதாரத்தில் அக்கறையற்ற அரசு என்று அதனைக் கூற இயலாது. அம்மை குத்துதலை முற்பட ஏற்ற அரசு அது. 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் டபிள்யூ. பி. ஜேக்கக்ஸ் துணையோடு கொக்கிப்புழு முதலிய நோய்களைக் கணக்கெடுத்து, சுகாதாரத் துறையைச் சீரமைத்தது. புழுவுக்கும் கொசுவுக்கும் கொள்கை வகுத்த அரசு, பொயிலைக்கு வகுக்கவில்லை.

காரணங்களுள் ஒன்று கருவூலத்தில் இருந்தது. 1863 வரை திருவிதாங்கூரில் புகையிலை வாணிகம் அரசின் தனியுரிமை. திவான் டி. மாதவராவ் காலத்தில் அத்தனியுரிமை நீக்கப்பட்டு, இறக்குமதித் தீர்வை அதன் இடத்தைப் பிடித்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரே நெடுங்காலம் பெருஞ்சந்தை. மெல்லுவதற்கென்றே பதம்செய்த அந்தப் புகையிலை இருகரைகளிலும் உழவரையும் வணிகரையும் தீர்வை வசூலிப்போரையும் வாழவைத்தது. வருவாய் தரும் பொருளை நோய்க்காரணமாக ஏற்பது எந்த அரசுக்கும் எளிதன்று.

மற்றொன்று பண்பாடு. வெற்றிலை பாக்கு மாற்றாமல் மண உறுதி இல்லை. தாம்பூலம் தராமல் விருந்து நிறைவதில்லை. உழைப்போருக்குப் பசியை ஒத்திப்போடும் துணையும் அதுவே. கொசுவை ஒழிக்கச் சொல்லும் சுகாதார ஆய்வாளர், முறுக்கான் செல்லத்தை ஒழிக்கச் சொல்லி வீட்டுக்குள் நுழைய முடியாது. நோயின் காரணம் வெளியிலிருந்து வரும்போது கொள்கை எளிது. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மெல்லப்படும்போது கடினம்.

மூன்றாவது காரணம் அறிவியலுக்குள்ளேயே இருந்தது. குற்றவாளி புகையிலையா, பாக்கா, சுண்ணாம்பா என்பது நெடுநாள் தீராத வழக்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றூக்கி என்று அறிவித்தது. புகையிலை சேராததற்குப் போதிய சான்று இல்லை என்றது. 2004இல் வெளிவந்த அதன் மறுமதிப்பீடு புகையிலை சேராத வெற்றிலையும், பாக்குத் தனியாகவும் புற்றூக்கிகளே என்று தீர்ப்பை மாற்றியது. அதாவது 'பொயிலையை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று நோயாளிக்கு நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறிய மருத்துவர், அறிவுரையில் பாதியையே கூறியவராக ஆனார்.

வயிற்றுப்புண்: பாதிச் சான்றின் வேகம்

1922இல் எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த டி. ஹோவர்டு சாமர்வெல், நெய்யூரில் அறுவைக்குக் காத்திருந்த கூட்டத்தையும் அதனை எதிர்கொள்ளப் போதாத மருத்துவர் எண்ணிக்கையையும் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று திரும்பியது தவிர, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நெய்யூரே அவர் களம். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார்.

நெய்யூரில் அவர் கண்ட வியப்பு முன்சிறுகுடற்புண்ணின் மிகுதி. வட இந்தியாவின் பல பகுதிகளில் அரிதான இந்நோய் தென்திருவிதாங்கூரில் ஊருக்கு ஊர் இருந்தது. புண் ஆறி வடுவாகி, இரைப்பையின் வாயில் அடைபட்டு, உண்டதெல்லாம் வாந்தியாகி மெலிந்து வந்தோர் பலர். அத்தகையோருக்கு அறுவைதான் உயிர். 1936இல் சாமர்வெல்லும் ஓரும் சேர்ந்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் முன்சிறுகுடற்புண்ணின் அறுவை, நோய்க்குறியியல், காரணம் பற்றி விரிவாக எழுதினர். அமிலச் சுரப்பைக் குறைக்க இரைப்பைக்குச் செல்லும் நாளங்களைக் கட்டும் முறையொன்றைச் சாமர்வெல் 1945இல் முன்வைத்தார்.

காரணம் பற்றிய கருத்து உணவை நோக்கியே சென்றது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ராபர்ட் மக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவைத் தனித்தனியே கொடுத்துச் சோதித்தார். சீக்கியரின் கோதுமை, பால், காய்கறி உணவை உண்ட எலிகள் நலமாக இருந்தன. மரச்சீனியை மையமாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்டவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரைப்பைக் குடற்புண் கண்டது. மருத்துவமனையின் எண்ணிக்கையும் ஆய்வகத்தின் எலியும் ஒரே திசையைக் காட்டியதால் வழக்கு முடிந்ததாகவே தோன்றியது.

மரச்சீனி இம்மண்ணுக்கு விருந்தாளி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பரப்பியவர். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது ஏழைகளின் அடுப்பில் கிழங்கைத் தவிர வேறொன்றும் ஏறாத காலமும் வந்தது. பஞ்சத்தில் உயிர்காத்த கிழங்கை நோய்க்காரணம் என்று கூறுவதில் இருந்த அரசியல் சிக்கலை அன்றைய மருத்துவக் கட்டுரைகள் பேசவில்லை. 'கிழங்கை விடுங்கள்' என்பது மருத்துவ அறிவுரை போலத் தோன்றினாலும், மாற்றாக எதை உண்பது என்ற வினாவுக்கு விடையளிக்கும் அதிகாரம் மருத்துவரிடம் இல்லை. அது நிலவுடைமை, கூலி, அரிசி விலை ஆகியவற்றின் கையில் இருந்தது. இந்த எல்லையைக் காணாத அறிவுரை ஏழையைக் குற்றவாளியாக்கும்.

பின்னர் நடந்தது அனைவரும் அறிந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரியை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். நாற்பது ஆண்டுகள் கத்தியால் தீர்க்கப்பட்ட நோய், சில நாள் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளால் தீர்ந்தது. சாமர்வெல்லின் அறுவை மேசை காலியாயிற்று.

ஆனால் நெய்யூரின் சான்று முழுதும் பொய்யாகவில்லை என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. இந்நுண்ணுயிரி வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் பரவலாகவே காணப்படுகிறது; புண்ணோ தெற்கிலும் அரிசி உண்ணும் பகுதிகளிலும் மிகுந்திருந்தது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, இந்தியாவிலும் வங்கதேசத்திலும் புண்ணின் பரவலை ஆராய்ந்து 1979இல் எழுதியபோது, தீட்டாத தானியமும் பருப்பும் உண்ணும் பகுதிகளில் நோய் குறைவாக இருப்பதைச் சுட்டினார். தொற்று எங்கும் இருக்க, புண் சில இடங்களில் மட்டும் மிகுவதற்கு உணவும் ஒரு துணைக்காரணமாக இருக்கலாம் என்ற கருத்து இன்றும் கைவிடப்படவில்லை. எனவே நெய்யூர் கண்டது முழுக்காரணம் அன்று. ஆனால் கண்டது உண்மையே.

மிசோலோங்கியின் குடும்ப மருத்துவர்

இங்கு ஒரு கிரேக்கக் கதையைக் கூறாமல் நகர இயலாது. மிசோலோங்கி என்னும் சிறு நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஐயோனிஸ் லிகூடிஸ், 1958இல் தமக்கு வந்த வயிற்று நோயை நுண்ணுயிர்க்கொல்லியால் தீர்த்துக்கொண்டார். அதன்பின் தம்மிடம் வந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கும் அதே முறையைக் கையாண்டார். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1968இல் அதிகாரிகள் அவருக்கு 4,000 திராக்மா அபராதம் விதித்தனர். 1980இல் அவர் இறந்தார். மார்ஷலின் கண்டுபிடிப்பு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

லிகூடிஸைத் தியாகி ஆக்குவது எளிது. ஆனால் அவர் ஒப்பீட்டுக் குழு எதனையும் அமைக்கவில்லை; தம் நோயாளிகள் குணமடைந்ததை மட்டுமே சான்றாகக் காட்டினார். அத்தகைய சான்றோடு அன்று கிரேக்கத்திலும் பிற நாடுகளிலும் பல்லாயிரம் பயனற்ற வைத்தியங்கள் உலவின. அவர் சொன்னது சரி என்பதால் அவரைத் தடுத்த நெறி தவறு என்று ஆகாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது: ஒரு குடும்ப மருத்துவரின் கவனிப்பை எடுத்து முறையாகச் சோதித்துப் பார்க்கும் வாயில் எதுவும் இல்லை. ஏற்பதற்கும் தண்டிப்பதற்கும் இடையில் மூன்றாவது வழி கிடையாது.

பொதுமருத்துவத்துக்கு அந்த வாயிலைத் திறந்தோர் சிலர் உண்டு. யார்க்‌ஷயர் கிராமப்புற மருத்துவர் வில்லியம் பிக்கிள்ஸ் தம் ஊர்களின் தொற்றுநோய்களைக் குறித்துவைத்து 1939இல் நூலாக்கினார். வேல்சின் கிளின்கோரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், தம் பொறுப்பிலிருந்த மக்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளக்க முயன்றவர்; நல்ல மருத்துவம் தேவை மிகுந்த இடத்தில் குறைவாகவும் தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கிறது என்ற 'தலைகீழ்க் கவனிப்பு விதி'யை 1971இல் லான்செட் இதழில் எழுதியவர். இருவருக்கும் பொதுவானது ஒன்று: தம்மிடம் வந்தோரை மட்டுமல்ல, வராதோரையும் அவர்களால் எண்ண முடிந்தது. ஹார்ட்டைப் பொறுத்தவரை, மக்கள் ஒரு மருத்துவரிடம் பதிவு செய்திருக்கும் பிரித்தானிய ஏற்பாடு அதற்கு அடிப்படை. நெய்யூர்ப் பதிவேட்டில் இல்லாதிருந்த அந்த வகுக்கும் எண், இவர்களுக்குக் கிடைத்தது.

இந்தியாவில் 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தைத் தந்தது. அதே அறிக்கை, உரிமம் பெற்ற குறுகியகாலப் படிப்பு மருத்துவர்களை உருவாக்குவதை நிறுத்திப் பட்டம் பெற்ற 'அடிப்படை மருத்துவர்' ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றது. குழுவிற்குள்ளேயே சில உறுப்பினர்கள் இதனை மறுத்துக் குறிப்பு எழுதினர். லோ தொடங்கிய வகுப்பின் வழிவந்த மருத்துவர் இனம் கொள்கையளவில் அங்கே முடிவுக்கு வந்தது. தரம் உயர்ந்தது என்பது உண்மை; பட்டம் பெற்றோர் நகரிலேயே தங்கினர் என்பதும் உண்மை.

வாயைத் திறந்து பார்த்தல்

வாய்ப்புற்றின் கதையில் 1980களுக்குப் பிறகு வந்த ஆய்வுகள் காரணம் தேடுவதை விட்டு, என்ன செய்தால் பயன் என்று கேட்டன. 1984இல் இலங்கையின் வர்ணகுலசூரிய முதலியோர், ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களே மக்களின் வாயைப் பரிசோதித்து ஐயத்துக்குரிய வெண்திட்டுகளையும் புண்களையும் கண்டறிய முடியும் என்று காட்டினர். மேல்மையத்துக்கு அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் அங்குச் செல்லவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினர். 1986இல் பி. சி. குப்தா முதலியோர், எர்ணாகுளம் உள்ளிட்ட மாவட்டங்களின் 36,000 புகையிலைப் பயனாளரிடையே நடத்திய அறிவுறுத்தல் ஆய்வை வெளியிட்டனர். பழக்கத்தை விடச் சொன்னால் சிலரேனும் விடுகின்றனர், வெண்திட்டும் குறைகிறது என்பது அதன் முடிவு.

1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய சோதனை இவையனைத்திலும் பெரியது. 13 ஊராட்சிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டன. ஏழில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை மூன்று சுற்றுகளாகப் பார்த்தனர். ஆறில் வழக்கமான மருத்துவமே தொடர்ந்தது. பங்கேற்றோர் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர். ஆர். சங்கரநாராயணன் முதலியோர் 2005இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 21 விழுக்காட்டுக் குறைவு தெரிந்தாலும் அது புள்ளியியல் உறுதி பெறவில்லை.

இச்சோதனை நடந்த ஊர்கள் பழைய திருவிதாங்கூரின் ஊர்கள். ஃபெல்ஸ் அறுத்த கன்னங்களும், தொண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பணியாளர் விளக்கடித்துப் பார்த்த கன்னங்களும் ஒரே முறுக்கான் மரபைச் சேர்ந்தவை. இடையில் ஒரு மாநில எல்லை மட்டும் புதிதாக வந்திருந்தது.

சோதனையைக் குறைகூறுவோரின் வாதத்தையும் எடைபோட வேண்டும். 13 தொகுதிகள் என்பது சிறிய எண். பயன் உறுதிப்பட்டது ஒரு துணைக்குழுவில்தான். அமெரிக்காவின் முன்தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறியற்றோரிடம் வாய்ப்புற்றைத் தேடுவதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறுகிறது. அந்நாட்டுக்கு அது பொருந்தும். அங்கு நோய் அரிது, மெல்லுவோர் சிலர். ஆனால் ஓரிடத்தில் 'சான்று போதாது' என்ற தீர்ப்பு, மற்றோரிடத்தில் 'செய்ய வேண்டாம்' என்று படிக்கப்படும் ஆபத்து உண்டு. வெண்திட்டுகளில் பெரும்பான்மை புற்றாவதில்லை. எனவே தேவையற்ற அச்சமும் அலைச்சலும் நேரும் என்ற தடைவாதம் வலுவானது. அதற்கு விடை, எல்லோரையும் பார்ப்பதை விட்டு மெல்லுவோரைப் பார்ப்பது. இது முகாம் போட்டுச் செய்யும் பணியாக இருப்பதைவிட, காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் வருபவரை நாக்கை நீட்டச் சொல்லும் அதே நொடியில் கன்னத்தையும் விலக்கிப் பார்க்கும் பொதுமருத்துவரின் பணியாக இருப்பதே பொருத்தம்.

இந்திய அரசு 2016இல் வெளியிட்ட செயல்வழிகாட்டி, 30 வயது நிறைந்த அனைவருக்கும் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கான பரிசோதனையை ஆரம்ப சுகாதார அமைப்பின் கடமையாக்கியது. 1908இலிருந்து கணக்கிட்டால் 108 ஆண்டுகள். அதன்பின் 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் எப்போதேனும் வாய்ப்புற்றுப் பரிசோதனை செய்துகொண்டோர் நாட்டளவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. வாசல்வரை செல்லும் பணியாளர் இருக்கும்போது வாயைப் பார்ப்பது தொலைவான வேலையன்று.

தடைச்சட்டத்தின் பாதை வேறு. தமிழ்நாடு 2001இல் குட்கா, பான் மசாலாவைத் தடைசெய்தது. 2004இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவ்வகைத் தடை நிலைக்கவில்லை. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மீண்டும் தடை வந்தது. தடைகள் பொட்டலத்தில் அடைத்த பொருளையே குறிவைத்தன. கடைக்காரர் கண்ணெதிரே சுண்ணாம்பு தடவி மடித்துத் தரும் முறுக்கான் அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றது.

தேசியத் திட்டத்தில் கிராமப் பணியாளர் வீடு வீடாக நிரப்பும் இடர் மதிப்பீட்டுப் படிவத்திலும் இதே இடைவெளி தெரிகிறது. அதன் மூல ஆங்கில வடிவில் மெல்லும் புகையிலை பற்றிய கேள்விக்கு எடுத்துக்காட்டாகத் தரப்பட்டவை குட்காவும் கைனியும். தேங்காய்ப்பட்டணத்தில் வெற்றிலைச் செல்லத்தோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் அக்கேள்வியை அப்படியே கேட்டால், 'அதெல்லாம் பழக்கமில்லை' என்று அவர் உண்மையாகவே விடை கூறக்கூடும். படிவத்தில் சுழியம் எழுதப்படும். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்குவது உண்டா என்று 1966இன் ஆய்வு கேட்ட கேள்விக்கு அப்படிவத்தில் இடமில்லை.